நகரம் வகுப்போரும் குடியிருப்போரும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் நகரமைப்பைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று இளைஞர் சிலர் கேட்கக் கூடும். பள்ளி, விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவையே நம் சங்கங்களின் வழக்கமான கவலைகள். ஆயினும், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவில் இருக்கும், அவன் தாய் எத்தனை மணிக்குத் தண்ணீர்க் குழாயடிக்கு எழுந்து போக வேண்டும், அவன் தந்தை தறிக்கூடத்துக்கு நடந்து போவாரா பேருந்தில் போவாரா என்பவற்றையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தின் மேசைமேல் விரித்துவைத்த வரைபடம் ஒன்று, அவன் பிறப்பதற்கு முன்னரே முடிவு செய்துவிடுகிறது. அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் நம்மைப் பற்றி என்ன எண்ணினார்கள், நம்மைக் கேட்டார்களா, கேட்டிருந்தால் எந்த அளவுக்குக் கேட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குமாரபாளையத்தாருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. காவிரியின் ஒரு கரையில் பவானி, மறுகரையில் நம் ஊர். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் ஆற்றோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுவதை நாம் கண்டு வருகிறோம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டி நீர் வந்தபோது, கரையோரக் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. வெள்ளம் வடிந்ததும் எப்போதும் இருவகைப் பேச்சு எழும். “இவர்களை இங்கிருந்து அப்புறப்படுத்தி வேறிடம் கொடுக்க வேண்டும்” என்பது ஒன்று. “எங்களுக்கு இவ்வூரிலேயே, வேலைக்குப் போகும் தூரத்திலேயே இடம் வேண்டும்” என்பது மற்றொன்று. முதற்பேச்சு கோப்பில் ஏறுகிறது. இரண்டாவது பேச்சு மண்டபத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

சேரி என்னும் பழைய திட்டம்

நகரமைப்பு என்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த கலை என்று பாடநூல்கள் கூறும். இருப்பினும் தமிழ்நாட்டில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்து, இடையே வயலையோ வாய்க்காலையோ வைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பதையும் கருத்திற்கொண்டு குடியிருப்புகளை வகுத்தவர்கள் நகரமைப்பு வல்லுநர் அல்லாமல் வேறு யார்? அவர்களிடம் வரைபடம் இல்லை. ஆனால் திட்டம் இருந்தது. அத்திட்டத்தை மீறியவனுக்கு என்ன தண்டனை என்பதும் எழுதாத சட்டமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அரசாங்க ஏட்டில் முதன்முதல் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். 1891-இல் அவர் எழுதிய அறிக்கை, சேரி மக்கள் குடியிருக்கும் மனையே அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை எடுத்துக்காட்டியது. மிராசுதாரை எதிர்த்துக் கூலி கேட்டால் வீடு போய்விடும். வீடு போனால் பிழைப்பும் போய்விடும். செங்கற்பட்டுப் பகுதியில் பணியாற்றிய மிஷனரிமார் சிலரும் இதையே வற்புறுத்தி வந்தனர். 1892 செப்டம்பர் 30-ஆம் நாளிட்ட அரசாணை இதன் விளைவாகவே வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசும் நிலங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அக்கதை தனிக் கட்டுரைக்குரியது. இங்கே அதற்குள் புக விரும்பவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே 1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் முன்னின்று கூட்டிய திராவிட மகாஜன சபை பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றியது. பொதுக் கிணறு, குளங்களில் நீர் எடுக்க உரிமை வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நகராட்சி முதலிய மன்றங்களில், வரி செலுத்துவதைக் கணக்கிடாமல், நம் மக்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது இன்னொன்று. இன்று ‘குடிமக்கள் பங்கேற்பு’ என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்களே, அதன் சாரம் இந்த ஒரு கோரிக்கையில் அடங்கிக் கிடக்கிறது. சொத்து இருப்பவனுக்கே நகரம் செவிசாய்க்கும் என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டனர். வரி கட்டும் அளவுக்குச் சொத்தில்லாதவனுக்கும் நகரத்தில் வாய் இருக்க வேண்டும் என்று கேட்டனர். அறிக்கை எழுதிய கலெக்டர் நமக்காகப் பேசினார். மகாஜன சபையினர் நாமாகப் பேசினர்.

எம்டன் மூழ்கடித்த பொருட்காட்சி

நகரமைப்பு என்னும் பெயரிலேயே அக்கலை சென்னை மாகாணத்துக்கு வந்தது 1914-இல். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் என்னும் உயிரியல் அறிஞரை ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அழைத்தார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய தமது பொருட்காட்சியைக் கெடிஸ் ‘கிளான் கிராண்ட்’ என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். சென்னைத் துறைமுகத்தின்மீது அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு குண்டு வீசிச் சென்ற ஜெர்மானியக் கப்பலாகிய எம்டனே, அடுத்த மாதம் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது. எம்டன் என்ற சொல் நம் வழக்கில் எப்படி நிலைத்தது என்று தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் கணக்கில் இந்தப் பொருட்காட்சியும் சேரும். புதிதாகப் பொருள்களைத் திரட்டி, 1915-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் காட்சி நடத்தப்பட்டது. பின்னர் கெடிஸ் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

கெடிஸின் போக்கு அக்காலப் பொறியாளர்களின் போக்குக்கு நேர்மாறானது. பொறியாளர்கள் ஒரு தெருவை அகலப்படுத்த வேண்டுமானால் அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பார்கள். கோட்டில் அகப்பட்ட வீடுகள் இடிபடும். இடிபட்ட வீட்டுக்காரன் எங்கே போவான் என்பது அவர்கள் கணக்கில் வராது. அவன் போகும் இடம் முன்னைவிட நெருக்கமான மற்றொரு சேரி என்பதைக் கெடிஸ் உணர்ந்திருந்தார். முதலில் தெருத் தெருவாக நடந்து பார், மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள், பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிசெய், மற்றவற்றைத் தொடாதே. இதுவே அவர் முறை. நோயுற்ற உறுப்பை வெட்டி எறியாமல் காப்பாற்றும் அறுவை மருத்துவத்தோடு அவர் இதை ஒப்பிட்டார். செலவும் குறைவு என்று கணக்கிட்டும் காட்டினார்.

கெடிஸைப் பற்றி நம்மவர் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி சென்னையில் நடந்ததன்று, இந்தூரில் நடந்தது. பிளேக் நோய் பரவியிருந்த காலம். அவர் அங்கே தீபாவளியை ஒட்டி ஒரு பெரும் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெரு மிகத் தூய்மையாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவிக்கவே, மக்கள் தாமே முன்வந்து வீடுகளைச் செப்பனிட்டு, வெள்ளையடித்து, குப்பைகளை அகற்றினர். ஊர்வலத்தில் அழுக்கின் அரக்கனும் பிளேக் எலியும் உருவங்களாக வந்தன. அவற்றின் பின்னே துப்புரவுத் தொழிலாளர் புத்தாடை உடுத்து, புதுத் தலைப்பாகை கட்டி, மாலை அணிந்து, வண்ணம் பூசிய வண்டிகளோடு நடந்து வந்தனர். தலைமுறை தலைமுறையாக ஊர் கண்ணெடுத்தும் பாராத மக்கள் அன்று ஊரின் நடுவே மரியாதையோடு நடத்தப்பட்டனர்.

இதைப் படிக்கும்போது நெஞ்சு நெகிழாமல் இராது. அதே நேரத்தில், மாலை வாடிய மறுநாள் அந்தத் தொழிலாளர் தம் குடிசைக்குத் திரும்பி அதே கூடையையும் துடைப்பத்தையும் எடுத்திருப்பர் என்ற எண்ணமும் எழாமல் இராது. மக்களை நேசித்த வல்லுநர் கெடிஸ்; அதில் ஐயமில்லை. ஆனால் நேசிக்கும் வல்லுநரும் முடிவைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஊர்வலத்தில் இடம் கொடுப்பது வேறு. திட்டக் கூட்டத்தில் இடம் கொடுப்பது வேறு. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

1920-ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1915-இல் பம்பாய் மாகாணம் இயற்றிய சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் எழுந்த தொடக்ககாலச் சட்டங்களுள் இதுவும் ஒன்று. இழப்பீடு, மேம்பாட்டுத் தீர்வை, ஆட்சேபணை என்று அச்சட்டம் பேசியவையெல்லாம் நில உரிமையாளரை நடுநாயகமாக வைத்தே பேசப்பட்டன. நிலமில்லாதவன் திட்டத்தால் வீடு இழந்தாலும், அவன் ‘பாதிக்கப்பட்டவன்’ என்னும் வகைக்குள் எளிதில் வரமாட்டான். ஏனெனில் இழக்க அவனிடம் ஏட்டில் எழுதப்பட்ட எதுவும் இல்லை. நகராட்சி வாக்குரிமையும் அந்நாளில் வரியோடு பிணைந்திருந்தது. மன்றங்களில் நம்மவர் ஓரிருவர் நியமன உறுப்பினராக அமர்ந்தனர். நியமித்தவர் முகம் கோணாமல் பேச வேண்டிய நிலை அவர்களுடையது.

தெருவில் நடக்கும் உரிமைகூட அப்போது தீர்ந்த செய்தியாக இல்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். நகரமைப்புச் சட்டம் பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான், அந்த நகரத்தின் தெருவில் நாம் நடக்கலாம் என்று எழுத்தில் வந்தது!

வழக்கறிஞர் எழுதிய நிலத் திட்டம்

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு நம் அரசியல் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. பட்டியல் சாதியார் கூட்டமைப்பு அங்கே உருவாயிற்று. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னை இராவ்பகதூர் என். சிவராஜ், சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், பின்னர் சென்னை மாநகரத்தின் மேயரானவர். ஊருக்கு வெளியே சேரியாகக் கிடக்கும் நிலையை ஒழிக்க, நம் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் அமைத்துத் தரவேண்டும். அதற்கென ஒரு குடியமர்த்த ஆணையம் வேண்டும் என்று அம்மாநாடு கோரியது. டாக்டர் அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற முன்வரைவில் இக்கோரிக்கை சட்ட வாசகமாகவே இடம்பெற்றது. சாகுபடியாகாத அரசு நிலங்களை அந்த ஆணையம் பொறுப்பேற்று, அவற்றில் பட்டியல் சாதியாருக்குப் புதிய குடியிருப்புகளை உருவாக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

தனிக் குடியிருப்பு சரியா, கலந்து வாழ்வது சரியா என்று நம் இளைஞர் இன்றும் வாதிடலாம், வாதிட வேண்டும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அத்திட்டத்தின் பிறப்பை. அரசாங்கம் ஒரு திட்டத்தைப் போட்டு, மக்கள் அதற்கு ஆட்சேபணை சொல்வதே வழக்கம். இங்கோ, பாதிக்கப்பட்ட மக்களே மாநாடு கூட்டி, தம்முள் சட்டம் கற்றவரைக் கொண்டு தம் திட்டத்தை எழுதி, அரசாங்கத்தின் முன் வைத்தார்கள். அது ஏற்கப்படவில்லை. ஆயினும், திட்டம் என்பது அதிகாரிகளிடமிருந்துதான் வரவேண்டும் என்ற நியதியை அது உடைத்தது.

இதற்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்த அமெரிக்காவில் இதே கருத்து ஒரு கொள்கையாக உருவெடுத்தது. நகரமைப்போடு சட்டமும் பயின்ற பால் டேவிடாஃப் 1965-இல் அந்நாட்டு நகரமைப்பாளர் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நகரமைப்பு வல்லுநர் தம்மை எந்தப் பக்கமும் சாராத அறிஞர் என்று சொல்லிக்கொள்வது பொய். எந்தத் திட்டமும் யாரோ ஒருவருக்கு ஆதாயமும் யாரோ ஒருவருக்கு இழப்பும் ஆகும். நீதிமன்றத்தில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் இருப்பதுபோல, நகரத் திட்டத்திலும் ஒவ்வொரு தரப்புக்கும் வல்லுநர் வேண்டும்; ஏழைகளுக்கும் கறுப்பு மக்களுக்கும் அவர்கள் சார்பில் வாதாடி மாற்றுத் திட்டம் வரைந்து தரும் வல்லுநர் வேண்டும் என்றார். இதைத் தமிழில் ‘வாதாடும் திட்டமிடல்’ எனலாம். நகரப் புனரமைப்பு என்ற பெயரில் கறுப்பு மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புழுக்கத்திலிருந்தே இக்குரல் எழுந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969-இல், ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகளில் மக்களை ஏமாற்றுவதும் தட்டிக்கொடுப்பதுமே நடக்கும். பங்கேற்பு என்ற பெயர் மட்டும் இருக்கும். நடு மூன்று படிகளில் செய்தி சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், ஓரிருவரைக் குழுவில் சேர்த்துச் சாந்தப்படுத்துவார்கள். முடிவு மட்டும் அவர்களுடையது. மேல் மூன்று படிகளில்தான் மக்கள் கூட்டாளிகளாகவும், அதிகாரம் பெற்றவர்களாகவும், இறுதியில் தாமே நடத்துபவர்களாகவும் ஆகிறார்கள். நம் ஊரில் நடக்கும் எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் இந்த ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்திப் பார்க்கலாம்; எந்தப் படியில் நிற்கிறோம் என்பது உடனே விளங்கும்.

வல்லுநர்கள் இக்கருத்துகளை எப்படி ஏற்றனர்? எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்க நகரமைப்பாளர்களிடம் ஹோ, காஃப்மன் என்ற இருவர் நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகையினர் தென்பட்டனர். நாங்கள் தொழில்நுட்பம் அறிந்தவர்கள், கணக்கைச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது என்பவர் ஒரு வகை. கொள்கைக்காகக் களத்தில் இறங்கத் தயங்காதவர் ஒரு வகை. இரண்டையும் கலந்து, இடத்துக்கேற்ப நடப்பவர் மூன்றாம் வகை; இவர்களே மிகுதி. அலுவலகங்களோடு பழகிய நம்மவர்க்கு இம்மூவரையும் அடையாளம் காண்பதில் சிரமம் இராது.

வாதாடும் திட்டமிடலை ஏழைகளின் பக்கம் நின்றே குறை கூறியவரும் உண்டு. பிரான்சஸ் பாக்ஸ் பிவன் என்ற பேராசிரியை 1970-இல் ஒரு கேள்வி கேட்டார்: இந்த வழக்காடும் வல்லுநரால் உண்மையில் பயன்பெறுவது யார்? தெருவில் திரண்டு போராடிக்கொண்டிருந்த மக்களை வரைபடமும் அறிக்கையும் கொடுத்து அறைக்குள் உட்காரவைத்துவிட்டால், அவர்களிடம் இருந்த ஒரே பலமும் போய்விடாதா? இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கூட்டமும் வேண்டும், கோப்பும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கோப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கைவிட்ட சங்கங்கள் என்ன ஆயின என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டங்களாக இரண்டு வந்தன: குடிசைப் பகுதிகள் சட்டம், நகர் ஊரமைப்புச் சட்டம். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ள பயிற்சி.

நகர் ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. முழுமைத் திட்டத்தின் வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும்; இரண்டு மாதத்துக்குக் குறையாத காலம் கொடுத்து, எவரிடமிருந்தும் எழுத்து மூலம் ஆட்சேபணைகளையும் கருத்துகளையும் பெற வேண்டும் என்று அது சொல்கிறது. ‘எவரும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலம் உள்ளவர் என்று வரம்பு கட்டவில்லை. 1891-இல் மகாஜன சபை கேட்டதில் ஒரு துளி, 80 ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் இறங்கியிருக்கிறது. ஆனால் அரசிதழைப் படிப்பவர் யார்? புல எண்களும் வண்ணக் கோடுகளுமாக இருக்கும் வரைபடத்தில் தம் தெரு எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று அறியக் கூடியவர் யார்? மனை வணிகர் படிக்கிறார். ஆலை முதலாளியின் வழக்கறிஞர் படிக்கிறார். இரண்டு மாதத்துக்குள் தம் ஆட்சேபணையை முறைப்படி எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறார். நம் தெருவில் செய்தி தெரியும்போது அளவைக் கற்கள் நடப்பட்டிருக்கும்.

குடிசைப் பகுதிகள் சட்டத்தில் நல்ல பிரிவுகள் இருந்தன. அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் குடியிருப்போரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்றும் வழக்கு நடத்த முடியாது என்பது அவற்றுள் ஒன்று. சென்னையில் 1971-இல் கண்டறியப்பட்ட குடிசைப் பகுதிகள் 1,202. 1985-இல் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகள் புதிதாக எதுவும் அறிவிக்கப்படவில்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகள் பெருகின, ஏடு மட்டும் அப்படியே நின்றது. ஏட்டில் இல்லாத குடிசை ‘ஆக்கிரமிப்பு’ ஆயிற்று. ஆக்கிரமிப்பாளனிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடுகள் கட்டியது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1977 முதல் உலக வங்கி உதவியுடன் நடந்த சென்னை நகர வளர்ச்சித் திட்டத்திலோ, பல குடிசைப் பகுதிகள் இடிக்கப்படவே இல்லை. குடிநீர், கழிவுநீர், விளக்கு, பாதை ஆகியவற்றை அமைத்து, குடியிருந்த மனையையே தவணை முறையில் அவர்களுக்கு உரிமையாக்கினர். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளும் மட்டும் கொடுத்து, வீட்டைக் குடும்பமே தன் சக்திக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டனர். கெடிஸ் 60 ஆண்டுகளுக்கு முன் சொன்னது ஏறத்தாழ இதுதான். மனிதனுக்குக் கையும் காலும் மூளையும் இருக்கின்றன, அவன் தன் வீட்டைப் பற்றி யோசிக்க வல்லவன் என்று ஒப்புக்கொண்ட திட்டம் அது. பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது நம் மாநில நகரமைப்பு வரலாற்றின் பெரும் இழப்பு என்பேன்.

1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்பளித்தது. ஓல்கா டெலிஸ் வழக்கு என்று அது வழங்கப்படுகிறது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. வெளியேற்றுமுன் அவர்களைக் கேட்க வேண்டும், கேட்பது வெறும் சடங்கு ஆகாது என்றும் கூறியது. ஆனாலும் நடைபாதையில் தங்கும் உரிமையை அளிக்கவில்லை. மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றே முடித்தது. அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகள் சார்பிலும் ஒரு வழக்கு அந்நீதிமன்றத்தின் முன் சென்றது. கேட்கப்படும் உரிமை கிடைத்தது. கேட்டபின் மாற்றிக்கொள்ளும் கடமை எவருக்கும் வரவில்லை. ஆர்ன்ஸ்டைன் ஏணியில் இது நான்காம் படி.

அடுத்து வந்த ஆண்டுகளில் நடந்தவை பலரும் அறிந்தவை. 2000-ஆம் ஆண்டு முதல் சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் அடுக்கடுக்காக எழுந்தன. நீர்வழிகளின் கரையில் இருந்தோர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் “உங்கள் பாதுகாப்புக்காகவே” என்ற சொல்லோடு, நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால், பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளியாண்டின் நடுவில் பிள்ளைகள் படிப்பு அறுந்தது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போன பெண்கள் பேருந்துக் கட்டணத்துக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து வேலையை விட்டனர். கூரை உறுதியானதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தாயை முன்கூட்டியே உட்காரவைத்துக் கேட்டிருந்தால், முதலில் பள்ளியைப் பற்றித்தான் பேசியிருப்பாள். பழைய சேரியில் ஊருக்கும் நமக்கும் இடையே ஒரு வாய்க்கால். புதிய குடியிருப்பில் இடையே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். பெயர் மாற்றத்துக்கும் குறைவில்லை: 2021-இல் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று.

நம் ஆற்றங்கரைக்கு

சென்னையின் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், அதே “பாதுகாப்பு” என்னும் சொல் நம் காவிரிக் கரையிலும் ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் ஒலிப்பதே. வெள்ளம் பொய்யன்று. ஆற்றோரம் வாழ்வதில் ஆபத்து உண்டு என்பதை அங்கே வாழ்பவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. ஆனால் விசைத்தறியில் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவனுக்கும், நூல் சுற்றப் போகும் பெண்ணுக்கும், விடியுமுன் நகரத்தைக் கூட்டப் போகும் தொழிலாளிக்கும், வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் கூலியின் ஒரு பகுதி. மாற்று இடம் தேடும் அதிகாரியின் கண்ணுக்கு முதலில் தெரிவது விலை குறைந்த அரசு நிலம். அது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மேடு பள்ளமாக, பேருந்து நிற்காத இடத்தில் இருக்கும். அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் முன்னால் இருக்கும் தாளில் தூரத்துக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தைப் போட வேண்டியவர் யார் என்பதே கேள்வி. நம் சமுதாயத்தில் இன்று பொறியியல் படித்தவர் உண்டு. சட்டம் படித்தவர் உண்டு. நில அளவைப் பயிற்சி பெற்றவர் உண்டு. டேவிடாஃப் வெளியிலிருந்து வரவழைக்க விரும்பிய வல்லுநர் நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறார். கரையோரத் தெருக்களில் எத்தனை குடும்பம், எவர் எங்கே வேலைக்குப் போகிறார், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, 2018-இலும் 2022-இலும் தண்ணீர் எந்த வாசற்படி வரை வந்தது, ஊருக்குள்ளேயே எந்தப் புல எண்ணில் அரசு நிலம் கிடக்கிறது என்று கணக்கெடுத்து, ஒரு தாளில் வரைந்து, நகராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து ஒப்புகை பெறுவது, விடுமுறைக் காலத்தில் பத்து மாணவர் செய்யக் கூடிய வேலை. 1942-இல் நாகபுரியில் செய்ததன் சிறு வடிவம் இது.

சட்டத்தில் புதிய வாயில் ஒன்றும் திறந்திருக்கிறது. 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. அதற்கும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் முதல் நாளன்று, கிராம சபையைப் போலத் தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. குடியிருப்பவர் எவரும் அதில் பேசலாம்; பட்டா கேட்பாரில்லை, வரி ரசீது கேட்பாரில்லை. முதற்கூட்டங்களில் தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்பட்டன. அவையும் வேண்டியவையே, ஆனால் ஆற்றங்கரை மக்களின் மாற்று இடம் எங்கே என்பதும் அங்கே தீர்மானமாக எழுதப்பட வேண்டும். எழுதப்பட்ட தீர்மானத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நகராட்சிக்கு வந்துவிடுகிறது. பேசிவிட்டு வந்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிற்றா என்று நின்று பார்த்து வர வேண்டும்.

இச்சபைகள் கூடுவதற்கென ஆண்டில் நான்கு நாள்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஏப்ரல் 14, டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள். அன்று காலையில் நாம் வழக்கமாகச் சிலைக்கு மாலை அணிவிக்கிறோம்; பகுதி சபை கூடும் இடத்தையும் நேரத்தையும் முன்னதாகவே நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால், அங்கிருந்து நேரே அக்கூட்டத்துக்குப் போய்விடலாம்.